சம்மாட்டி பார்த்த கோடு கடலில் இல்லை

வாசகர் கடிதம்:

"அக்கா, பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கணினி அறிவியல் படித்துவிட்டு ஊரில் மீனவர் சங்க அலுவலகத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டுக்கும் ஆழ வரைபடம் காட்டும் ஒரு நிரலைப் பைதானில் எழுதியிருக்கிறேன். ஆழத் தரவு, உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுத்துத் தரும் ஜெப்கோவிலிருந்து எடுத்தது. சிவப்பும் பச்சையும் பூஜ்யம். நீலம் மட்டும் கரையில் 255, 30 மீட்டர் ஆழத்தில் 15. இடையில் நிறம் வழுக்கிக்கொண்டே இருட்டும். என் மடிக்கணினியில் அழகாக இருக்கிறது. சங்கத்துப் பழைய கணினியில் (விண்டோஸ் 7) அதே நிரல் பட்டை பட்டையாகக் காட்டுகிறது. சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் அதில் ஒரு கோட்டைத் தொட்டு, 'இது பாரா?' என்று, அதாவது கடலடிப் பாறைத் திட்டா என்று கேட்டார். மவுஸை வைத்தால் அந்த இடத்து ஆழத்தைச் சொல்லும் வசதியும் அங்கே தப்பாகச் சொல்கிறது. வள்ளத்தில் பொருத்துவதற்காக வாங்கிய 320க்கு 240 சிறு திரையில் கடல் பச்சையாகிவிட்டது. அதுவும் நான்கு முறை வெளுத்து நான்கு முறை இருட்டுகிறது. பார்களுக்கு நான் வைத்த சிவப்புக் குறிகள் அதில் நீலம். ஏலக்கூடத்துத் தொலைக்காட்சியில் கரையோரம் முழுக்க ஒரே நிறம். ஒவ்வொரு திரைக்கும் தனியாக நிறங்களை எழுதட்டுமா? இல்லை, சங்கத்தில் பேசிப் புது மானிட்டர் வாங்கட்டுமா?"

அன்புள்ள தம்பிக்கு,

புது மானிட்டர் வேண்டாம். திரைக்கு ஒன்றாக நிறங்களை எழுதவும் வேண்டாம். நிரலில் மாற்ற வேண்டியது வேறு. அதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரியைச் சொல்லிவிடுகிறேன்: "இது பாரா?" மற்றவையெல்லாம் எரிச்சல், இது ஆபத்து. இல்லாத பாரைச் சுற்றிக்கொண்டு போனால் டீசல் நட்டத்தோடு போகும். இருக்கிற பார் ஒரு பட்டைக்குள் மறைந்துபோனால் வலை கிழியும், அடிப்பலகையும் போகும். படம் அழகாக இல்லை என்பதற்காக நீங்கள் எழுதியிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் மடிக்கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டு எட்டு பிட் தருகிறது. ஒவ்வொன்றிலும் 256 படிகள். மொத்தம் 1,67,77,216 நிறங்கள். சங்கத்துக் கணினி 16 பிட்டில் ஓடுகிறது என்று உங்கள் விவரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த 16 பிட்டைச் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என்று பங்கிடுவார்கள். பச்சைக்கு ஒன்று கூடுதல், ஏனென்றால் மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கம் காணும். ஆக நீலத்துக்கு 32 படிகள்தான். நீங்கள் 255 இலிருந்து 15 வரை 240 படிகளில் 30 மீட்டரை விரித்திருக்கிறீர்கள். மடிக்கணினியில் ஒரு படி 12.5 சென்டிமீட்டர். 5 பிட்டில் எட்டுப் படிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 240ஐ எட்டால் வகுத்தால் 30. ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கோடு. சம்மாட்டி தொட்டுக் காட்டியது ஏதோ ஒரு முழு மீட்டர் ஆழத்தின் எல்லை. கடலடியில் அங்கே ஒன்றும் திடீரென்று மாறவில்லை.

கண்ணும் சும்மா இருப்பதில்லை. சற்றே வேறுபட்ட இரண்டு சீரான சாயல்கள் ஒட்டி நிற்கும் இடத்தில், ஓரத்தின் இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாகவும் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாகவும் அது கூட்டிக் காட்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே எர்ன்ஸ்ட் மாக் இதைக் கவனித்து எழுதினார். மாக் பட்டைகள் என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள். திரையில் சின்னப் படியாக இருந்தது சம்மாட்டியின் கண்ணுக்குத் திட்டின் ஓரமாகத் தெரிந்ததில் அவர் பிழை எதுவும் இல்லை.

சங்கத்துக் கணினியை முதலில் சரிசெய்துவிடுங்கள். விண்டோஸ் 7இல் திரையில் வலது சொடுக்கு, திரைத் தெளிவு, மேம்பட்ட அமைப்புகள், மானிட்டர் என்று போனால் நிறங்களுக்கான பெட்டி இருக்கும். அதில் ஹை கலர் 16 பிட் என்று இருப்பதை ட்ரூ கலர் 32 பிட் ஆக்குங்கள். யாரோ ஒரு காலத்தில் கணினி வேகமாகட்டும் என்று குறைத்து வைத்திருப்பார்கள். அப்படிக் குறைத்ததற்கு அந்த நாளில் நியாயம் உண்டு: 1024க்கு 768 திரைக்கு 32 பிட்டில் 3 மெகாபைட் நினைவகம் வேண்டும், 16 பிட்டில் ஒன்றரை போதும். 2 மெகாபைட் வீடியோ அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. இன்று அந்தச் சிக்கனத்துக்கு வேலையில்லை. நிரலைத் திறக்கும் சின்னத்தில் வலது சொடுக்கி, பண்புகளில் இணக்கம் என்ற பகுதியையும் ஒருமுறை பாருங்கள்; 256 நிறங்களில் இயக்கு என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது தொலைவழி இணைப்பில் அந்தக் கணினியைத் திறந்தால், இணைப்பு மென்பொருளின் காட்சி அமைப்பிலும் இதே 16 பிட் ஒளிந்திருக்கலாம். இணையம் மெதுவான ஊர்களில் அதைக் குறைத்து வைப்பது வழக்கம்.

இதோடு பட்டைகள் பெருமளவு மறையும், முழுக்க மறையாமலும் போகலாம். விலை குறைந்த மானிட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் பலகம் நிறத்துக்கு 6 பிட்தான். உண்மையான நிறங்கள் 2,62,144. மீதியைப் பக்கத்துச் சாயல்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். இதை அமைப்பில் திருத்த முடியாது. அதனால்தான் திரையைச் சரிசெய்வதோடு நிற்காமல் நிரலையும் மாற்றச் சொல்கிறேன்.

மவுஸ் தப்பாகச் சொல்வது எதனால் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் நிரலைப் பார்க்காமலே ஊகிக்கிறேன். மவுஸ் நிற்கும் பிக்சலின் நிறத்தைத் திரையிலிருந்து படித்து, அந்த நீலத்தை ஆழமாகத் திருப்பிக் கணக்கிடுகிறீர்கள். சரிதானே? இது தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனின் நிழலைப் பார்த்து எடை சொல்வது. உங்கள் கணக்கில் எட்டுப் படி ஒரு மீட்டர். கீழ்ப் பிட்டுகள் மூன்றும் வெட்டுப்பட்டால் நீலம் ஏழு படி வரை குறையும். ஆழத்தில் அது கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். நீலம் குறைந்தால் உங்கள் வரைபடத்தில் ஆழம் கூடும் என்பதால், பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும்: இருப்பதைவிட ஆழமாகச் சொல்லும். இதைவிட மோசமான பக்கம் கிடையாது. மவுஸ் இருக்கும் இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றி, ஆழ எண்கள் இருக்கும் அட்டவணையிலிருந்து நேராக எடுங்கள். திரைக்குப் போன நிறத்தைத் திரும்பக் கேட்கவே கேட்காதீர்கள். படமென்பொருளில் பாதிப் பிழைகள் இந்த ஒரு பழக்கத்தால் வருபவை. ஒரே நிறமுள்ள பகுதியை நிரப்பும் கருவி பாதியில் நிற்பதும், பின்னணி ஒளிபுகும் நிறமாக வைத்தது 16 பிட்டில் மறையாமல் அப்படியே தெரிவதும் இதே காரணத்தால்தான். 255 என்று எழுதியது 248 என்று திரும்பி வரும். இரண்டும் சமமா என்று நிரல் கேட்கும். இல்லை என்றுதான் பதில் வரும்.

இனி வள்ளத்துத் திரை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நான்கு முறை வெளுத்து நான்கு முறை இருட்டுகிறது என்ற அந்த ஒரு வரியிலேயே நோய் பிடிபட்டுவிட்டது.

நிறம் மாறித் தெரிந்தால் எல்லோரும் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன என்று எடுத்த எடுப்பில் சொல்வார்கள். சில திரைகளில் அது நடக்கும். வரிசை சிவப்பு, பச்சை, நீலமா, நீலம், பச்சை, சிவப்பா என்று ஓர் அமைப்பு இருக்கும். ஆனால் அது மட்டும் நடந்திருந்தால் உங்கள் கடல் சிவப்பாக இருந்திருக்கும். பச்சை பச்சையாகவே இருந்திருக்கும். உங்களுக்கு நீலம் பச்சையாகியிருக்கிறது, சிவப்பு நீலமாகியிருக்கிறது. அப்படியென்றால் மாறியது பைட்டுகளின் வரிசை. 16 பிட் நிறம் இரண்டு பைட்டுகளாகப் போகும். திரை மேல் பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது. உங்கள் சிறு கணினி கீழ்ப் பைட்டை முதலில் அனுப்புகிறது. தூய நீலம் கீழ்ப் பைட்டில் இருக்கும் ஐந்து பிட்டுகள். அந்தப் பைட் மேலே போனதும், நீலத்தின் கடைசி மூன்று பிட்டுகள் பச்சையின் உச்சி மூன்று பிட்டுகளாகிவிடும். மேல் இரண்டு பிட்டுகள் சிவப்பின் அடியில் போய் ஒடுங்கும். மூன்று பிட் என்றால் எட்டுப் படி. நீலத்தின் 32 படிகளில் எட்டு எட்டாக நான்கு முறை சுற்று வரும். உங்கள் நான்கு அலைகளும் அவைதான்.

மருந்து எளிது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு நிறத்தின் இரண்டு பைட்டுகளையும் இடம் மாற்றுங்கள். அந்தத் திரைகளுக்கான நூலகங்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கும். மாற்றியதும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நான்கு பெட்டிகள் வரைந்து பாருங்கள். பச்சைப் பெட்டி பச்சையாக இருந்து சிவப்பும் நீலமும் மட்டும் மாறியிருந்தால் மேலே சொன்ன இன்னோர் அமைப்பையும் தொட வேண்டும். பச்சையே சிவப்பாகத் தெரிந்தால் பைட்டுகள் இன்னும் மாறவில்லை. வெள்ளையை நம்பாதீர்கள், எல்லாப் பிட்டும் ஒன்றாக இருப்பதால் எப்படிப் புரட்டினாலும் அது வெள்ளைதான்.

அதன்பிறகும் வெள்ளையில் லேசான பச்சைச் சாயல் இருக்கிறதே என்று ஒரு கணினித் திரையில் தோன்றினால், அது இன்னொரு சிறு பிழை. 5 பிட்டை 8 பிட்டாக விரிக்கும்போது பலரும் எட்டால் பெருக்கி விட்டுவிடுவார்கள். 31ஐ எட்டால் பெருக்கினால் 248. பச்சையின் 63ஐ நான்கால் பெருக்கினால் 252. வெள்ளை 248, 252, 248 ஆகிறது. பச்சை மிஞ்சி நிற்கும். 255ஆல் பெருக்கி 31ஆல் (பச்சைக்கு 63ஆல்) வகுத்து முழுமையாக்குங்கள். அல்லது மேல் பிட்டுகளையே கீழேயும் ஒட்டுங்கள். இரண்டிலும் 31 சரியாக 255 ஆகும். சாம்பல் நிறத்தில் மட்டும் இது முழுமையாகத் தீராது. 128 என்ற சாம்பல் 132, 130, 132 ஆகி லேசாக ஊதாப் பக்கம் சாயும். 124 என்ற சாம்பல் 123, 125, 123 ஆகிப் பச்சைப் பக்கம் சாயும். சாம்பல் அதிகம் வரும் படமென்றால் பச்சைக்கும் 32 படிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உங்கள் வரைபடத்துக்கு அந்தக் கவலை இல்லை.

தொலைக்காட்சியின் கோளாறுக்கும் பிட் கணக்குக்கும் தொடர்பே இல்லை. எச்டிஎம்ஐ வழியாகக் கணினி 0 முதல் 255 வரை அனுப்பும். தொலைக்காட்சிகள் பல, ஒளிபரப்பின் பழக்கத்தில், 16ஐக் கறுப்பாகவும் 235ஐ முழு வெளிச்சமாகவும் எடுத்துக்கொள்ளும். 235க்கு மேல் வரும் எதுவும் ஒரே அளவுதான். உங்கள் வரைபடத்தில் 255க்கும் 235க்கும் இடையே இருப்பது முதல் இரண்டரை மீட்டர் ஆழம். வள்ளம் தரை தட்டும் இடம் எதுவோ, சரியாக அதைத்தான் தொலைக்காட்சி துடைத்துவிட்டது. தொலைக்காட்சியின் அமைப்பில் எச்டிஎம்ஐ கறுப்பு அளவு என்றோ, அதைப் போன்ற பெயரிலோ ஒன்று இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அதை முழு வீச்சுக்கு மாற்றுங்கள். கணினியின் வீடியோ அமைப்பிலும் அதே முழு வீச்சு இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் முக்கியம். எச்டிஎம்ஐ வாயிலின் பெயரைப் பிசி என்று வைத்தால் சில தொலைக்காட்சிகள் தாமாகவே இதைச் செய்துகொள்ளும். எழுத்துகளின் ஓரத்தில் வரும் நிறக் கசிவும் குறையும்.

இவ்வளவும் செய்தபிறகு மூன்று திரைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலக் காட்டும். அப்போதும் உங்கள் வரைபடம் எனக்குச் சம்மதமில்லை.

முதல் காரணம், ஆழம் முழுவதையும் நீலத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஒரு திரையின் வெளிச்சத்தில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிறத் தரத்தின் கணக்கே இது. மூன்றில் மிகவும் மங்கலானதை எடுத்து, அதற்குள் 240 படிகளைத் திணித்தால், வெயிலில் வள்ளத்தில் நிற்பவருக்கு ஒரே இருட்டுப் பாயாகத்தான் தெரியும்.

இரண்டாவது, தரவுக்கு இல்லாத நுணுக்கத்தை நிறம் பேசுகிறது. ஜெப்கோவின் கட்டம் 15 பாகை வினாடி. நம் பக்கத்தில் அது 460 மீட்டர் அளவு. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் சதுரத்துக்கு ஓர் எண். அந்த எண்ணும் எல்லா இடத்திலும் கயிறு விட்டு அளந்தது அல்ல. அளவீடு இல்லாத இடங்களை வேறு வழிகளில் ஊகித்து நிரப்பியிருப்பார்கள். குருசடைத் தீவைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகள் இந்தக் கட்டத்தின் கண்ணிகளில் நழுவிப் போகக்கூடிய அளவுதான். அதை 12.5 சென்டிமீட்டர் படிகளில் வழவழவென்று வரைந்தால், பார்ப்பவர் அவ்வளவும் அளந்த உண்மை என்று எடுத்துக்கொள்வார். வழவழப்பும் ஒரு வகைப் பொய்தான். பட்டை விழுந்ததால் சம்மாட்டிக்குச் சந்தேகம் வந்து கேட்டார். பட்டையே இல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, ஆழமான இடத்தை இருட்டாகவும் கரையை வெளிச்சமாகவும் வைத்தது. டேராடூனில் இருக்கும் தேசிய நீரியல் வரைவு அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஆழம் குறைந்த இடத்துக்கே நீலச் சாயம். ஆழமான இடம் வெள்ளை. உலகமெங்கும் கடல் வரைபடங்களின் பழக்கம் அதுதான். படகில் ஜிபிஎஸ் வரைபடக் கருவி வைத்திருக்கும் சம்மாட்டிகளின் கண் அதற்குப் பழகியிருக்கும். ஆபத்து எங்கேயோ அங்கே கனமான நிறம். பயமில்லாத இடத்தில் வெறும் தாள். இதைத் தலைகீழாக்க உங்களுக்கும் எனக்கும் உரிமையில்லை.

ஆகவே வழுக்கும் நிறத்தைத் தூக்கிப் போடுங்கள். ஐந்தே நிறங்கள் போதும், ஒவ்வொன்றும் ஓர் ஆழ வீச்சுக்கு. அவற்றை 5-6-5 என்ற குறுகிய வாசலில் நுழைந்து வெளியே வந்தாலும் மாறாத எண்களாகத் தேர்ந்தெடுங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் 33இன் மடங்குகள் 231 வரை மாறாமல் திரும்பி வரும், 255உம் வரும். பச்சைக்கு 65, 130, 195, 227, 255 போன்றவை. (மேல் பிட்டுகளைக் கீழே ஒட்டும் முறையில் கணக்கிட்டுப் பாருங்கள், விளங்கும்.) என் யோசனை இது: 2 மீட்டர் வரை 33, 65, 165, 5 மீட்டர் வரை 66, 130, 198, 10 மீட்டர் வரை 132, 195, 231, 20 மீட்டர் வரை 198, 227, 255, அதற்கு மேல் வெள்ளை. நிலத்துக்கு 231, 195, 132 என்ற மணல் நிறம், சுற்றிலும் கறுப்புக் கோடு. தொலைக்காட்சியை யாராவது மறுபடி பழைய அமைப்புக்கே கொண்டுபோனாலும், கடைசி நீலத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிவப்பின் 198 தாங்கிக்கொள்ளும். வீச்சுகளின் எல்லையை நீங்களும் நானும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு எந்த ஆழத்துக்குக் கீழே பயம், விசைப்படகுக்காரர்களுக்கு எது என்று கேட்டு வையுங்கள். வடகடல் ஆழம் குறைந்தது. தென்கடலில் கரையை விட்டு விலகினால் ஆழம் விறுவிறுவென்று கூடும். இரண்டுக்கும் ஒரே வீச்சு ஒத்துவராமல் போகலாம்.

ஐந்து நிறத்தையும் வைத்தபின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வரிசை அப்போதும் தெரிந்தால் சரி. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த ஊரிலும் உண்டு, நடுப்பகல் வெயிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

பார்களைச் சிவப்பால் மட்டும் குறித்ததையும் மாற்றுங்கள். உங்கள் சிறு திரையில் என்ன நடந்தது? சிவப்பு நீலமாகி, எச்சரிக்கை தண்ணீராகிவிட்டது. உருவம் கொண்டு குறியுங்கள். கடல் வரைபடங்களில் நீருக்குள் இருக்கும் பாறைக்குக் கூட்டல் குறி போடுவார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம். வீச்சுகளின் எல்லையில் மெல்லிய கறுப்புக் கோடும் அதன்மேல் ஆழ எண்ணும் இருக்கட்டும். கோடு என்று ஒன்று தெரிந்தால் அது நீங்கள் போட்டதாக மட்டுமே இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளின் எல்லையையும் விட்டுவிடாதீர்கள். 1986இலிருந்து இருக்கும் எல்லை, தாண்டினால் வழக்கு. அதைப் பச்சை நிறத்தில் நிரப்பாமல் விட்டு விட்டு வரும் கோடாகப் போடுங்கள்.

நிரலின் அமைப்பு இதனால் எளிதாகிவிடும். ஆழ எண்கள் ஓர் அட்டவணையில் அப்படியே இருக்கட்டும். எந்தத் திரைக்காகவும் அவற்றைத் தொட வேண்டாம். அதிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த வீச்சு என்று ஒரு சிறு எண்ணை உண்டாக்குங்கள். அந்த எண்ணை நிறமாக்குவது கடைசி வேலை, ஒரே ஒரு தடவை, திரைக்குப் போகும் வாசலில். சங்கத்துக் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் 24 பிட்டாக, வள்ளத்துக்கு 5-6-5 ஆக, பைட் மாற்றத்தோடு. திரைக்கு ஒரு சிறு வாசல் உண்டு. ஆனால் நிறப்பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வள்ளத்துத் திரையின் நினைவகமும் மிச்சம்: 320க்கு 240 படம் 16 பிட்டில் 1,53,600 பைட், பிக்சலுக்கு நான்கு பிட் வீச்சு எண்ணாக வைத்தால் 38,400. சிறிய சில்லுகளில் இது பெரிய வித்தியாசம்.

புள்ளி தெளித்துப் பட்டையை மறைக்கும் முறையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஃபிளாய்டும் ஸ்டீன்பெர்க்கும் 1976இல் வெளியிட்டது. ஒரு பிக்சலில் வெட்டுப்பட்ட மிச்சத்தை பதினாறில் 7, 3, 5, 1 என்ற பங்குகளில் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அபாரமான முறை. ஏலத்துக்கு வந்த மீன்களைப் படமெடுத்து 16 பிட் திரையில் காட்ட வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். வஞ்சிரத்தின் வெள்ளி மினுமினுப்பு பட்டையில்லாமல் வரும். வரைபடத்தில் செய்யாதீர்கள். தெளித்த புள்ளிகளைத் திட்டுத் திட்டாகக் கிடக்கும் சேறும் பாறையும் என்று படிக்கிற கண்கள் அவை.

வரைபடத்தைச் சங்க உறுப்பினர்களின் கைபேசிக்கு அனுப்புவதாக இருந்தால் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது ஜேபெக்காகச் சுருக்கி, எண்களின் ஓரத்தைக் கலக்கிவிடும். ஐந்து நிறப் படம் பிஎன்ஜியில் மிகச் சிறிய கோப்பாகவே இருக்கும்.

கடைசியாகப் பணம். சங்கத்தில் ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், வள்ளத்துத் திரைக்குக் கேளுங்கள். அந்த விலையில் வரும் சிறு திரைகள் அறைக்குள் பார்க்கச் செய்தவை. நடுக்கடல் வெளிச்சத்தில் என்ன நிறம் கொடுத்தாலும் மங்கும். வெயிலில் படிக்கக்கூடியது என்று சொல்லி விற்கும் திரையை வாங்குவதற்கு முன் கடைக்கு வெளியே தூக்கிக்கொண்டு வந்து பாருங்கள். ஒளியை வடிகட்டும் வகைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பாருங்கள். சில கோணங்களில் எல்சிடி முழுக்கக் கறுத்துப்போகும். அந்தக் கண்ணாடியை உங்கள் ஊரில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

ஜெப்கோ தன் தரவை வழிசெலுத்தப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த வரியை வரைபடத்தின் மேல் ஓரத்தில், ஆழ எண்களைவிடப் பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள். மூன்று திரைகளிலும்.